பேச்சிக்குப் பசியா?

கிரீச்... கிரீச்...

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் அது தூளிக் கம்பி என்று தில்லைக்கண்ணுவுக்குப் புரிந்தது.

பெரியநாயகி அம்மை கால் விரலில் கயிற்றை மாட்டித் தூளியை ஆட்டிக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தில்லைக்கண்ணுவைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் அவருக்குக் குரு.

“அம்மா, எனக்கு ஒரு பயம்...”

“உஸ்ஸ்! செண்பகம் மாவு அரைக்க மில்லுக்குப் போயிருக்கா. பேச்சி இப்பதான் கண் அசந்தா.”

செண்பகம் மடத்தில் சமைப்பவள். பேச்சி அவளுடைய ஒரு வயதுப் பிள்ளை.

தில்லைக்கண்ணுவுக்கு மிக்சர் கடையில் கூவிப் பழகிய தொண்டை. அமுக்கிப் பேச வியர்த்துவிட்டது.

“உடம்பு குறைய வாரம் ஒரு ஊசி போடுதேன்லா? பசியே இல்ல. பாருங்க, இந்தச் சட்டைக்குள்ள இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம்.”

“நல்ல காரியம்.”

“கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திப் பாப்போம்ங்காரு டாக்டரு. போன தடவை நானா நிறுத்தினேன். பசி பேய் மாதிரி திரும்பி வந்துச்சு. போன சதை வட்டியோட வந்துட்டு. இன்னொரு தடவை ஏறினா முட்டு தாங்காதும்மா. நிறுத்தட்டா, வேண்டாமா?”

“அதை டாக்டர்ட்ட கேளுங்க அண்ணாச்சி. நான் என்ன ஊசி போடுதவளா?”

“அப்ப உங்ககிட்ட என்னத்தக் கேக்க?”

அம்மை ஒரு கட்டுக் கீரையை அவர் பக்கம் தள்ளினார்.

அவர் உருவினார்.

அம்மை எழுந்தார். வாசல் கூட்டினார். பருப்பு ஊறப்போட்டார். ஈரத்துணியை உதறாமல் கொடியில் போட்டார். எல்லாம் ஓட்டமும் நடையுமாக, சத்தமில்லாமல்.

“என்னம்மா இந்த ஓட்டம்?”

“பிள்ளை தூங்குத நேரந்தானே நமக்கு.”

கொடியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“உங்க பசி தூங்கினப்ப நீங்க என்ன செஞ்சீங்க?”

“நிம்மதியா இருந்தேன்.”

“ம்.”

தூளி அசைந்தது. ஒரு சிணுங்கல். அப்புறம் வீறிட்ட அழுகை.

தில்லைக்கண்ணு பதறி எழுந்தார்.

“ஆட்டுங்கம்மா! தூங்க வையுங்க!”

“எந்நேரமும் தூங்க வைக்க முடியுமா? என் கை ஈரமா இருக்கு. நீங்களே பாருங்க.”

அவர் தூளியடியில் இருந்த பால்புட்டியை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தார். பேச்சி தட்டிவிட்டாள். மறுபடி வைத்தார். புட்டி உருண்டது.

“அவளுக்குப் பசியா அண்ணாச்சி?”

“அழுதா பசிதானே?”

“கேட்டீங்களா?”

“யார்ட்ட?”

“அவகிட்டதான்.”

என்ன வேடிக்கை இது என்று நினைத்தாலும் குனிந்தார். “ஏட்டி பேச்சி, பசிக்கா?”

குனிந்தபோதுதான் பார்த்தார். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் நேராகப் பிள்ளையின் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அவர் தலை குறுக்கே வந்ததும் நிழலாயிற்று.

அழுகை நின்றது. பேச்சி அவர் மீசையைப் பிடித்து இழுத்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

“பசியா?”

“இல்லம்மா. வெயிலு.”

மீசையை விடுவிக்காமல் அப்படியே நின்றார். பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“வீட்டுக்காரி போய்ச் சேந்ததுக்கப்புறம்... கடையை அடைச்சிட்டு வீட்டுக்குப் போனா பேச ஆள் கிடையாது. லைட்டைக்கூடப் போட மாட்டேன். நேரா அடுக்களைக்குத்தான் போவேன்.”

“பசியா?”

அவர் பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்தார். கண் கலங்கியது. பேச்சி விடாமல் இழுத்ததில் சிரிப்பும் வந்துவிட்டது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார். காக்காய் காட்டினார். அணில் காட்டினார். அரை மணி நேரம் போயிருக்கும். மறுபடி அழுகை.

தில்லைக்கண்ணு வெயிலைப் பார்த்தார். துணியைத் தொட்டுப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

“அம்மா! இது வேற குரல்! இது பசிதாம்மா!” லாட்டரி விழுந்தவர்போலக் கத்தினார்.

“பசி வந்துட்டே அண்ணாச்சி. பயமா இல்லையா?”

அவர் மடமே அதிரச் சிரித்தார்.

புட்டியைக் கழுவிப் புதுப் பால் ஊற்றிக் கொடுத்தார். பேச்சி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம்தாண்டி செல்லம், குடிச்சிரு, வீணாப் போகும்லா...”

புட்டி பிள்ளையின் உதட்டுவரை போனது.

அங்கேயே நின்றது.

அவர் மீதிப் பாலைப் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். அவள் அவரை மறந்து அணிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“போதுமாட்டி? சரி, போதும்” என்று புட்டியை மூடி வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். பேச்சியைப் பக்கத்தில் விட்டு உட்கார்ந்து, பாதி உருவிய கீரைக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.