தாண்டிப் போன கப்பல்

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஆறு பேர் மூன்று வருடமாக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பக்கத்து நட்சத்திரத்துக்கு விண்கப்பல் ஓட்டிப் போகும் விளையாட்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கானது.

ஆறு பேருக்கும் தலைவர் பென்சாம். வயது நாற்பத்தொன்பது. அவருடைய ஆசிரியை தங்கபுஷ்பம் அவரைவிட ஆறு வயது இளையவர். ராக்கெட் என்ஜின்களை எரித்துச் சோதிக்கும் ஓர் இடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். ராக்கெட்டை எது தள்ளுகிறது என்பதை பென்சாம் அவரிடம்தான் படித்தார். வயதைப் பார்க்காமல் "டீச்சர்" என்றே கூப்பிட்டார்.

அன்று மதியம் மூன்று மணிக்கு, பள்ளிகளுக்கான விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் குழு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து அதைப் பார்க்கவிருந்தது. காலையிலேயே பென்சாம் மடிக்கணினியோடு டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"போன வாரம் இருபத்து மூணு பிள்ளைங்க விளையாடினாங்க, டீச்சர். இருபத்து மூணு பேரும் தோத்துட்டாங்க."

"எப்படி?"

"என்ஜினை அணைச்சா கப்பல் நின்னுடும்னு நினைக்கிறாங்க. எரிபொருளை எல்லாம் வேகம் எடுக்கவே செலவு பண்ணிடறாங்க. நிறுத்தறதுக்கு மிச்சம் இல்ல. நட்சத்திரத்தைத் தாண்டிப் போயிடறாங்க. திரையில 'பயணம் தோல்வி'ன்னு வருது. எழுந்து போயிடறாங்க."

"குழு என்ன சொல்லுது?"

"தோத்துத் தோத்து எழுந்து போற விளையாட்டைப் பள்ளிக்குள்ள விடமாட்டேன்னு குழுத் தலைவர் குற்றாலலிங்கம் சார் சொல்லிட்டார். இன்னைக்கு வேண்டாம்னு சொன்னா நாங்க ஆறு பேரும் கலைஞ்சு போகவேண்டியதுதான்."

அவர் மடிக்கணினியைத் திறந்தார். "அதனால ஒரு வழி பண்ணியிருக்கேன். இந்தச் சிவப்புப் பொத்தானைப் பாருங்க."

கப்பல் நட்சத்திரத்தை நெருங்கியது. பென்சாம் பொத்தானை அழுத்தினார். கப்பல் நின்றது.

தங்கபுஷ்பம் கேட்டார்: "என்ன வேகத்துல வந்துச்சு?"

"ஒளியோட வேகத்துல பத்துல ஒரு பங்கு."

"எவ்வளவு நேரத்துல நின்னுச்சு?"

"ஒரு வினாடி."

"உள்ள எத்தனை பேரு இருந்தாங்க?"

"நாலு பேரு, டீச்சர்."

"இப்போ?"

பென்சாம் திரையைப் பார்த்தார். கப்பல் அழகாக நின்றுகொண்டிருந்தது.

"விளையாட்டுதானே, டீச்சர்," என்றார் மெதுவாக.

டீச்சர் மடிக்கணினியை அவர் பக்கமே தள்ளினார். பென்சாமுக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கென்ன, சொல்லிடலாம். ஆறு குடும்பம். வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"அந்தத் தோல்வின்னு வர்றதை எடுத்துடுங்க."

"எடுத்தா கப்பல் நிக்காது. போய்க்கிட்டே இருக்கும்."

"இருக்கட்டும்."

"பிள்ளை என்ன செய்யும்?"

"எனக்குத் தெரியாது."

"டீச்சர், இன்னைக்கு மூணு மணிக்கு..."

"ரெண்டு விதமாவும் வச்சுக்கோங்க. எதைப் போடணும்னு அங்க போய் முடிவு பண்ணுங்க."

பள்ளிக்கூட அரங்கில் ஒன்பது கணினிகள். ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் குழுவினர் ஐந்து பேர். நடுவில் குற்றாலலிங்கம், பேனாவும் மதிப்பெண் தாளுமாக. கடைசி வரிசையில் டீச்சர்.

பென்சாம் எதிரே இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் சிவப்புப் பொத்தான். இன்னொன்றில் அதுவும் இல்லை, தோல்வியும் இல்லை. அவர் திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாமே," என்றார் குற்றாலலிங்கம்.

ஒரே வினாடியில் நின்றால் நசுங்கிப்போகும் அந்த நாலு பேர் பென்சாமின் நினைவுக்கு வந்தார்கள். பொத்தான் இல்லாததைத் திறந்தார்.

விளையாட்டில் பத்து வினாடி போனால் ஒரு வருடம் போகும். எட்டுக் கணினிகளில் கப்பல்கள் கிளம்பின. ஒன்பதாவது உறைந்து நின்றது. அதை அணைத்துத் திரும்பப் போட ஐந்து நிமிடம் ஆயிற்று. அதில் இருந்த பையன் கடைசியாகக் கிளம்பினான்.

எல்லாருக்கும் முன்னால் போனது ஆரிபா என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண். என்ஜினிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. நாற்பதாவது வருடத்தில் எரிபொருள் தீர்ந்தது. நாற்பத்து நான்காவது வருடத்தில் நட்சத்திரம் திரை முழுக்க விரிந்தது. ஆரிபா எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினாள். நட்சத்திரம் ஓரமாக நகர்ந்தது. பின்னால் போனது. சிறியதாயிற்று.



"முடிஞ்சுதா?" என்றார் குற்றாலலிங்கம்.

'முடிஞ்சது' என்று சொல்லத் திரையில் எதுவும் இல்லை. கறுப்பில் கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

குற்றாலலிங்கம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஆரிபா எழுந்திருக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பிறகு பயணக் குறிப்பைத் திறந்து, எந்த வருடம் எவ்வளவு எரிபொருள் போனது என்று முதலிலிருந்து படித்தாள். உள்ளங்கையில் பேனாவால் ஏதோ கணக்குப் போட்டாள்.

"சார், எனக்குப் பின்னாடி யாராவது வர்றாங்களா?"

பென்சாம் அரங்கைச் சுற்றிப் பார்த்தார். ஒன்பது கணினிகளும் ஒரே இணைப்பில் இருந்தன.

"வர்றாங்கம்மா. எட்டுப் பேரு."

"ரேடியோ வேலை செய்யுமா?"

"செய்யும். ஆனா போய்ச் சேர நேரமாகும்."

அவள் வேகமாகத் தட்டினாள். 'நான் தாண்டிட்டேன். எரிபொருள் மூணுல ஒரு பங்கு இருக்கும்போதே என்ஜினை அணைங்க. கப்பலைத் திருப்பி எதிர்ப்பக்கமா எரிச்சாத்தான் நிக்கும்.'

செய்தி ஒளியின் வேகத்தில் கிளம்பியது. அவளை ஒட்டி வந்த ஏழு பேருக்கும் அது சேர்ந்தபோது எரிபொருள் இல்லை. ஒருவர் பின் ஒருவராக நட்சத்திரத்தைத் தாண்டினார்கள். ஒரு பெண் "ஐயோ" என்றாள். பென்சாம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதாவது கணினியில் இருந்த பையன் முப்பது வருடம் பின்னால் வந்துகொண்டிருந்தான். செய்தி வந்தபோது அவனிடம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே மிச்சம் இருந்தது. விரலை எடுத்தான். காத்திருந்தான். மற்ற எட்டுப் பேரும் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"இப்போ திருப்பு," என்றாள் ஆரிபா.

"இப்பவா?"

"திருப்புடா!"

கப்பல் திரும்பியது. என்ஜின் எதிர்ப்பக்கமாக எரிந்தது. வேகம் குறைந்தது. எரிபொருளும் குறைந்தது. எது முதலில் தீரும் என்று யாருக்கும் தெரியவில்லை. குற்றாலலிங்கமும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

கடைசிச் சொட்டில் கப்பல் நட்சத்திரத்தைச் சுற்றத் தொடங்கியது.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த காவலாளி ஓடி வந்தார்.

அரங்கு அடங்கச் சிறிது நேரமாயிற்று. குழு தனியாகப் பேசித் திரும்பி வந்தது.

"முதல்ல நாப்பது பள்ளியில வைக்கலாம்," என்றார் குற்றாலலிங்கம். "எனக்கு ஒரு சங்கடம் மட்டும் இருக்கு, பென்சாம் சார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வெற்றியா தோல்வியான்னு இந்தத் தாள்ல நீங்கதான் எழுதித் தரணும். அந்தப் பொண்ணு ஆரிபாவுக்கு என்ன எழுதுவீங்க?"

பென்சாம் தாளை வாங்கினார். கடைசி வரிசைக்கு வந்தார்.

"டீச்சர், என்ன எழுத?"

"கப்பல் எங்க இருக்கு?"

பென்சாம் திரும்பிப் பார்த்தார்.

"போய்க்கிட்டு இருக்கு, டீச்சர்."

"அதை எழுதுங்க."