ஓட்டை யாருடையது?

குளக்கரை நாவல்மரத்தில் இரண்டு பொந்துகள். இரண்டையும் குடைந்தவன் வச்சிரமூக்கன் என்ற மரங்கொத்தி. மேல் பொந்தில் அவன் இருந்தான். கீழ்ப் பொந்தை மின்னி என்ற அணிலுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். வல்லூறு வந்தால் மின்னி கத்தி எச்சரிக்க வேண்டும். அதுதான் வாடகை.

மார்கழி வாடை தொடங்கியது. மின்னி வீட்டுப் பின்சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியே காற்று விசிலடித்துக்கொண்டு வந்தது. கண் திறக்காத இரண்டு குட்டிகளும் வெடவெடவென்று நடுங்கின.

மின்னிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரை தேட வேண்டுமே என்று எழுந்தாள். எழுந்தால் காற்று! மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

"அண்ணே! சுவரை அடைச்சுக் குடுங்க! குட்டிங்க விறைச்சே போயிடும்!"

"நான் குடுக்கும்போது சுவர் சுவராத்தான் இருந்துச்சு! பல்லு வளருதுன்னு ராப்பகலா கொறிச்சது யாரு?"

மின்னிக்குச் சுருக்கென்றது. கொறித்தது அவள்தான். ஆனால் லேசில் ஒப்புக்கொள்வாளா?

"உங்க மரம் உள்ளே உளுத்துக் கிடந்தா நான் என்ன பண்றது?"

இப்போது வச்சிரமூக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தட்டிப் பார்த்தே மரத்தின் வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்லிவிடும் ஆசாமி அவன். அந்தச் சுவர் உளுத்தது என்று முன்பே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் வாடகைக்கு விட்டிருந்தான்.

"சரி சரி, வந்து பாக்கறேன்!" என்று இறங்கினான்.

பார்ப்பது என்றால் அவனுக்குக் கொத்துவதுதான். டொக்! டொக்! ஓர் ஓட்டை மூன்றாயிற்று.

"ஐயோ! ரிப்பேர் பண்ண வந்தீங்களா, ஜன்னல் வைக்க வந்தீங்களா?"

"பிடிக்கலேன்னா காலி பண்ணு!" என்று விருட்டென்று பறந்துபோய்க் கிளையில் உட்கார்ந்தான்.

பச்சைக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இந்தக் காற்றில் எங்கே போவாள், பாவம்! ஓடினாள். தென்னை நாரை வாய் கொள்ளாமல் கவ்விக்கொண்டு வந்து அடைக்க ஆரம்பித்தாள். அப்போது புது ஓட்டை வழியே ஒரு நிழல் தெரிந்தது.

வல்லூறு!

மின்னி கத்தினாள். வாய் நிறைய நார். "ம்ம்ம்" என்றுதான் வந்தது.

வல்லூறு பாய்ந்தது. வச்சிரமூக்கனின் வால் இறகுகள் அத்தனையும் பறந்தன! தப்பித்தோம் பிழைத்தோம் என்று அவன் கீழ்ப் பொந்துக்குள் வந்து விழுந்தான்.

"ஏன் கத்தலே?" என்று சீறினான்.

மின்னி நாரைத் துப்பினாள். "கத்துற வாயிலேதான் உங்க சுவரைச் சுமந்துக்கிட்டிருந்தேன்!"

பதில் சொல்ல அவன் வாயெடுத்தான். அதற்குள் இறகு போன இடத்தில் காற்று சுளீரென்று பட்டது. குட்டிகள் கதகதப்புத் தேடி அவன் வயிற்றுக்கடியில் வந்து ஒண்டின. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"உளுத்திருக்குன்னு எனக்குத் தெரியும், மின்னி."

"கொறிச்சது நான்தான், அண்ணே."

வல்லூறு போனதும் இருவரும் பக்கத்து வேப்பமரத்துக்கு ஓடினார்கள். வால் இல்லாமல் மரங்கொத்தியால் மரத்தில் ஊன்றி நிற்க முடியாது. மின்னி கீழிருந்து முட்டுக் கொடுத்தாள். முன்பு கொத்திய இடங்களில் கசிந்திருந்த பிசினை அவன் பெயர்த்துத் தந்தான். அவள் அதை நாரோடு சேர்த்து ஓட்டைகளை அடைத்தாள். கொறிப்பதற்கென்று ஒரு கொட்டாங்குச்சியும் வீட்டுக்கு வந்தது.

காற்று நின்றது. குட்டிகள் தூங்கின. மின்னி வாசலில் வந்து நின்றாள், கண் வானத்தில், வாய் காலியாக.

வீட்டை வாடகைக்கு விட்டவரும் குடியிருப்பவரும் தத்தம் தவறை மறைத்தால் பழுது பெரிதாகி இருவரையும் வதைக்கும்; ஒப்புக்கொண்டு சேர்ந்து சரிசெய்தால்தான் இருவருக்கும் நிம்மதி.