எப்சிபாவிடம் கேட்ட பேர்

"அய்யா, எத்தனை நாள் உபவாசம் இருந்தா இந்தப் பாவம் போவும்?"

கேட்டவர் ஏசுவடியான் பாஸ்டர். அவர் ஒரு சத்தம் போட்டால் பிசாசுகள் ஊர் எல்லையைத் தாண்டித்தான் நிற்கும் என்று சபையில் பெருமையாகச் சொல்வார்கள். அன்று அவருக்குக் குரலே எழும்பவில்லை.

எதிரில் உட்கார்ந்திருந்த வேதமுத்து அய்யா, வேதாகமப் பள்ளியில் அவருக்குப் பாடம் எடுத்தவர்.

"என்ன பாவம்?"

"எம் பொண்டாட்டி எப்சிபா தூக்கமில்லாம கிடந்தா. காதுக்குள்ள யாரோ பேசுதாங்கன்னா. டாக்டர் மாத்திரை குடுத்தாரு. பாஸ்டர் பொண்டாட்டிக்கே மனநோயான்னு சபையில கேப்பாங்களேன்னு வெக்கம். மாத்திரையைப் பிடுங்கி எறிஞ்சிட்டேன்."

"பொறவு?"

"சபைக்கு முன்னால நிறுத்தி நாலு நாள் ஜெபிச்சேன். சோறு குடுக்கல."

"பிசாசுகிட்ட பேர் கேட்டீரா?"

"முதல்ல அதைத்தானே கேக்கணும். கேட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

ஏசுவடியான் தரையைப் பார்த்தார்.

"எப்சிபான்னு சொன்னா."

"நீர் என்ன செஞ்சீர்?"

"பிசாசு பொய் சொல்லும்லா அய்யா. கன்னத்துல அறைஞ்சேன். திரும்பக் கேட்டேன். திரும்பவும் எப்சிபான்னா. நாலு நாளும் அதையேதான் சொன்னா. சபை அல்லேலூயா போட்டுக்கிட்டே இருந்துச்சு."

"அவ இப்ப எங்க?"

"இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா. மாத்திரை சாப்பிடுதா, தூங்குதா. ஆனா நர்ஸம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, ரெண்டு கையாலயும் கன்னத்தைப் பொத்திக்கிடுதா."

சொல்லிவிட்டு அழுதார். ஆயிரம் பேரைப் பார்த்துப் பிரசங்கம் செய்தவரால் ஒரு முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர் அழுது முடிக்கும்வரை அய்யா உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

"முதல்ல பேரைக் கேக்கணும், அது பொய்தான் சொல்லும், அடங்குறவரைக்கும் விடக்கூடாதுன்னு உமக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

ஏசுவடியான் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சும்மா சொல்லும்."

"நீங்கதான் அய்யா."

"உம்ம வகுப்புல எத்தனை பேரு?"

"நாப்பது பேரு."

"நான் இருபத்தெட்டு வருஷம் அந்தப் பாடம் எடுத்தேன்."

அய்யா எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். பித்தான் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்சு?"

"நீங்க எதுக்குய்யா வரணும்? அடிச்சது நான்லா."

"முதல் அடி என்னோடது. நடயும்."