யாருடைய ரத்தம்?

முப்பது வருடம் ரத்தப் புற்று வார்டில் வைத்தியம் பார்த்த டாக்டர் தணிகாசலம், ஐம்பத்தாறு வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார். அவருடைய ஆசிரியை ஷமீமாவுக்கு முப்பத்துமூன்று வயது.

அன்று காலை ஆய்வகக் கதவைத் தணிகாசலம் உதைத்துத் திறக்காத குறைதான்.

“மூணு நாளா என் விண்ணப்பம் உங்க மேசையில தூங்குது, மேடம். அங்க ஒரு பொண்ணு செத்துக்கிட்டிருக்கா!”

அந்தப் பெண் மரகதவல்லி, தபால்காரி. போனதென்று நினைத்த புற்று திரும்பி வந்துவிட்டது. இரண்டு புது மருந்துகளைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தாயிற்று. இரண்டும் கைவிட்டன. சேர்த்துக் கொடுப்பதென்றால் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். குழு மதியம் கூடுகிறது. ஷமீமா கையெழுத்துப் போடாத காகிதத்தைக் குழு தொடக்கூட மாட்டாது.

“உட்காருங்க, டாக்டர்.”

“உட்கார வரல.”

“அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க. முதல் மருந்து என்ன செய்யுது?”

“எனக்கே வைவாவா? நான் வைவா எடுக்க ஆரம்பிச்சப்ப நீங்க எல்.கே.ஜி.!”

“தெரியும். சொல்லுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “புற்றணு முகமூடி போட்டுக்கிட்டுத் திரியுது. முதல் மருந்து அதைக் கிழிக்குது. ரெண்டாவது, நோய் எதிர்ப்பு அணுவோட பிரேக்கை எடுத்துவிடுது. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு தண்டம். சோதனைத் தட்டுல அணுக்களோட ரெண்டையும் சேர்த்துப் போட்டேன், பத்துத் தட்டுல பத்தும் ஜெயிச்சது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

“புற்றணு யாரோடது?”

“மரகதவல்லியோடது.”

“எதிர்ப்பு அணு?”

“என்னோடது. தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. இதைவிட நல்ல ரத்தம் எங்க கிடைக்கும்?”

“உங்களுக்கு ரத்தப் புற்று இருக்கா, டாக்டர்?”

அவர் முகம் சிவந்தது. “இங்க எல்லாரும் நல்லா இருக்கறவங்க ரத்தத்துலதானே செய்யறாங்க!”

“ஆமா, எல்லாரும்தான். நோயாளிகிட்ட நரம்பு கிடைக்காது, அணு தேறாது, கட்டுரை தாமதமாகும். அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது!” ஷமீமா இழுப்பறையைத் திறந்து காலிக் குழாய் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். “அவங்ககிட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க.”

“குழு?”

“அடுத்த தடவை கூடும்.”

“மூணு வாரம்! அதுவரை அவ இருப்பாளான்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

தணிகாசலம் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனார். படியெல்லாம் ஷமீமாவை ஏசிக்கொண்டே இறங்கினார்.

மரகதவல்லி கையை நீட்டினாள். “மருந்து ஜெயிச்சிருச்சுன்னு சொன்னீங்களே சார். மறுபடி எதுக்கு ரத்தம்?”

“அது என் ரத்தத்துல ஜெயிச்சதும்மா.”

“அப்ப மாத்திரையை நீங்களே முழுங்கிட்டுப் போகவேண்டியதுதானே!” பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “எடுங்க. வலது கையில நரம்பு கிடைக்காது, இடதுல பாருங்க.”

நான்காம் நாள் நுண்ணோக்கியில் குனிந்தவர் தட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். பத்துத் தட்டிலும் புற்றணுக்கள் கொழுத்துக் கிடந்தன. அவளுடைய எதிர்ப்பு அணுக்கள் அசையாமல் சுருண்டிருந்தன. இரண்டு வருடமாகப் போராடி ஓய்ந்தவை அவை. முகமூடியைக் கிழிக்கும் மருந்தே அவற்றையும் அடித்துப் போட்டிருந்தது.

“இதையா பாக்கச் சொன்னீங்க?” என்று கத்தினார். “சந்தோஷமா?”

“இல்ல,” என்றார் ஷமீமா. “இதையா அவங்களுக்குக் குடுக்கப் போனீங்க?”

அவர் இன்னொரு காலிக் குழாயை எடுத்துக்கொண்டார். மறுபடி வார்டுக்குப் போனார், மறுபடி ரத்தம் கேட்டார். இந்த முறை முதல் மருந்தைப் புற்றணுக்களுக்கு மட்டும் கொடுத்தார். இரண்டு நாள் விட்டு அதைக் கழுவி எடுத்தார். அதுவரை அவளுடைய எதிர்ப்பு அணுக்களைத் தனியே ஓய்வாக வைத்திருந்தார். பிறகுதான் அவற்றை இறக்கி, இரண்டாவது மருந்தை விட்டார்.

குழு கூடும் நாளில், அவளுடைய எதிர்ப்பு அணுக்களை முன்பே எடுத்துவைத்து முதல் மருந்துக்குப் பிறகு திருப்பி ஏற்றக் கேட்கும் புது விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். மரகதவல்லிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பத்துத் தட்டில் ஆறுதான் ஜெயித்திருந்தது; அப்படியே எழுதியிருந்தார்.

ஷமீமா ஒவ்வொரு வரியாகப் படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

தணிகாசலத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “பத்துக்குப் பத்து கொண்டுவந்தேன், போடல. மூணு வாரம் அவளைக் காக்க வச்சுக் காய்ச்சல்ல தள்ளிட்டு, இப்ப வெறும் ஆறுக்குப் போடறீங்க. இது என்ன நியாயம், மேடம்?”

ஷமீமா காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார்.

“அந்தப் பத்து உங்களோடது, டாக்டர். அவங்களுக்கு இருக்கறது இந்த ஆறுதான். ஓடுங்க, குழு கூடிட்டாங்க.”