எட்டுக்குள் நாற்பது

ஒரு மென்பொருள் கம்பெனியில் ரங்கபாஷ்யம் என்றொரு தலைமை அதிகாரி. வாயைத் திறந்தால் உத்தரவுதான். ஒப்பந்த ஊழியர் பூங்கோதையைக் கூப்பிட்டார்.

"பத்து புரோகிராமும் ஆளுக்கு நாலு ஜிபி மெமரி கேட்குது. மிஷின்ல இருக்கிறது எட்டுதான். சாயங்காலத்துக்குள்ள எல்லாத்துக்கும் கொடு. முடியலன்னா நாளைக்கு வராதே."

சாயங்காலம் பத்தும் ஜோராக ஓடின.

"எட்டுக்குள்ள நாற்பது எப்படிம்மா அடங்கும்?"

"பேஜ் டேபிள்ங்கிற கணக்கேட்டுல எல்லாத்துக்கும் கேட்ட இடத்தை எழுதி மட்டும் வெச்சுட்டேன் சார். அந்த இடம் சின்னச் சின்னப் பக்கமாப் பிரிஞ்சிருக்கும்; புரோகிராம் எந்தப் பக்கத்தைத் தொடுதோ அதுக்கு மட்டும்தான் நிஜ மெமரி. இதோ, திரையில இருக்கிற இந்தப் புரோகிராம் காலையிலேர்ந்து தொட்டது மூணே பக்கம்."

"அதுக்கு நாலு ஜிபியா? எந்த மடையன் எழுதினான்?"

பூங்கோதை திரையை அவர் பக்கம் திருப்பினாள். புரோகிராமின் முதல் வரியிலேயே இருந்தது: எழுதியவர், ரங்கபாஷ்யம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டு வைக்கிறதுல தப்பில்லையேம்மா" என்றவர், "நாளைக்கு வந்துடு" என்று முனகிக்கொண்டே நடையைக் கட்டினார்.