பேசாத அம்மாவின் குரல்

நாற்பத்தொரு நாள் மௌனம் என்று செண்பகத்தம்மா சிலேட்டில் எழுதிக் காட்டியதும் ஆவுடையப்பருக்குக் கை பரபரத்தது. மனுஷன் மகா கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளைய அம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தவர்.

தேடி வருகிற ஜனம் வெறுமனே திரும்பலாமா? அம்மாவின் பழைய பேச்சுப் பதிவுகளை எல்லாம் செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டி, ஒரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டார். யார் கூப்பிட்டாலும் அம்மா குரலில் பதில் வரும். பேசுவது இயந்திரம் என்று ஜனத்திடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் காலை பேச்சித்தாய் என்று ஒருத்தி வந்து விழுந்து கும்பிட்டாள். இடுப்பில் ஐந்து வயது மகள். பிள்ளையின் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது.

"அம்மா, நீங்க போன்ல சொன்னபடி வலிப்பு மாத்திரையை நிறுத்திட்டேன். பத்து நாளாச்சு. நேத்து மட்டும் மூணு தடவை இழுத்துட்டு. எப்போ சரியாவும்?"

அம்மா ஆவுடையப்பரைத் திரும்பிப் பார்த்தார். 

அம்மா சிலேட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாயைத் திறந்தார். "நான் சொல்லலை, தாயி. உடனே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. மாத்திரையைத் திரும்பக் குடு."

முப்பது நாள் பேசாத தொண்டை அல்லவா? யாரோ ஒரு கிழவன் பேசுகிற மாதிரி கரகரவென்று வந்தது. பேச்சித்தாய் மிரண்டுபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லு தாயி, நான்தான் செண்பகம்."

இம்மியும் பிசகாத அதே பழைய குரல். எதிரே அம்மா வாயை மூடி உட்கார்ந்திருக்க, போனுக்குள் அம்மா பேசினார். தான் செய்ததுதான் என்று தெரிந்தும் ஆவுடையப்பருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"மாத்திரை குடுக்கச் சொல்லுதாங்களே அம்மா, குடுக்கவா?"

"பயப்படாதே. யார் என்ன சொன்னாலும் கேட்காதே. நான் இருக்கேன்ல?"

பேச்சித்தாய் செண்பகத்தம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "மூஞ்சி அம்மா மூஞ்சிதான். உள்ள இருந்து பேசுதது வேற யாரோ."

பிள்ளையை இறுக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

"ஐயோ, பத்து விதி எழுதித்தானே அம்மா அதை வெளிய விட்டேன்!" என்று பதறினார் ஆவுடையப்பர். "மருந்தைப் பத்திப் பேசாதேங்கிறதுதான் முதல் விதி!"

"மீறினா யார் வந்து பதில் சொல்லணும்னு எழுதினீங்களா?"

 ஆவுடையப்பர் அவசரமாகத் தன் போனை எடுத்தார். "ஒரு நிமிஷம் குடுங்கம்மா. மாத்திரை குடுன்னு அதையே சொல்ல வச்சிடுதேன். அவ அதைத்தானே நம்புதா?"

"மறுபடியும் என் குரல்லயா?"

"பிள்ளை செத்துப்போகும் அம்மா! வேற எப்படிச் சொல்ல?"

"உங்களுக்கும் ஒரு வாய் இருக்கே, ஆவுடையப்பரே. நான்தான் செஞ்சேன்னு அதால சொல்லுங்க. ஓடுங்க, பஸ் கிளம்பிரும்."