பட்டினி போட்ட பாசி

தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி ஓர் ஆய்வுக்கூடம். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியை அங்கே வளர்த்து, அதன் செல்லைத் திறந்து உள்ளே இருக்கும் எண்ணெயை எடுப்பார்கள். வண்டி ஓட்ட உதவும் எண்ணெய் அது.

வழிகாட்டிப் பேராசிரியை ஜெசிந்தா. அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பேச்சியம்மாள் வயதில் அவருக்கு மூத்தவர். அதனால் மாணவி ‘மேடம்’ என்பார், குரு ‘அக்கா’ என்பார். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம்.

அன்று பேச்சியம்மாள் வாடிய முகத்தோடு வந்தார்.

“செல் சுவர் உடைய மாட்டேங்குது மேடம். அதை உடைக்கிற நானோ துகளைக் கூட்டிப் போடட்டுமா?”

“போட்டுப் பாருங்கக்கா.”

போட்டார். யார் மேலோ இருந்த கோபத்தில் அள்ளியே போட்டார். செல்கள் நொறுங்கின. ஆனால் எண்ணெய் மிதந்து வரவில்லை. சக்கையும் துகளும் எண்ணெயும் ஒன்றோடொன்று ஒட்டி, அடிப்பிடித்த கீரை மசியலாகக் குடுவையில் கிடந்தன. ஒரு சொட்டுகூடப் பிரிக்க முடியவில்லை.

“வீட்லயும் இதே கதைதான்,” என்றார் பேச்சியம்மாள்.

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மக தேனரசியைக் கோவில்பட்டியில என் தங்கச்சி வீட்ல விட்டுட்டுத்தானே படிக்க வந்தேன்? அதுலேர்ந்து அவ சரியாப் பேச மாட்டேங்கா. என்ன கேட்டாலும் ‘ம்’. நேத்து விடாமக் கொடஞ்சு எடுத்துட்டேன். கத்துனா, அழுதா, என்ன சொன்னான்னே வெளங்கல. இப்போ போனையும் எடுக்க மாட்டேங்கா. பெத்த பிள்ள மனசைத் திறக்க வழி தெரியல மேடம்.”

ஜெசிந்தா எழுந்தார். வேறொரு குடுவையில் துகளைச் சிட்டிகை அளவு போட்டு, லேசாக அசைத்தார். அதில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

“பாருங்க.”

துகள்கள் கூடிய இடம் மட்டும் கரும்புள்ளியாய்ச் சுவரில் ஒட்டியிருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. டீ வந்து ஆறிப்போனது.

“ஒண்ணுமே செய்யலையே மேடம். சும்மால்லா பக்கத்துல இருக்கு?”

“இருக்கட்டும். பாருங்க.”

வெகுநேரம் கழித்து ஒரு செல்லின் சுவர் மெல்ல விட்டுக்கொடுத்தது. முத்துப்போல ஒரு துளி எண்ணெய் வெளியே வந்தது. பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அதைப் பார்க்கத்தானே அவ்வளவு பாடுபட்டார்.

“எவ்வளவு தடிச்ச சுவர்! இந்தப் பாசி பிறக்கும்போதே இப்படியாக்கா?”

“இல்ல மேடம். சத்து குடுக்கிறதை நிறுத்திப் பட்டினி போட்ட பெறகுதான் தடிச்சுது.”

“பட்டினி போட்டது யாரு?”

பேச்சியம்மாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை.

“நாந்தான்.”

ஜெசிந்தா அவர் கையிலிருந்த துகள் குப்பியை வாங்கி அலமாரியில் வைத்தார். ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்து அவர் தோளில் மாட்டிவிட்டார்.

“கோவில்பட்டி பஸ்ஸைப் பிடிங்க. பாசியை நான் பாத்துக்கிறேன்.”

“போய் என்னத்தக் கேக்க மேடம்? என் மேல வெறுப்புதான் ஊறிக் கெடக்கும் அவளுக்கு.”

“ஒண்ணும் கேக்க வேண்டாம்,” என்றார் ஜெசிந்தா. “சுவர் தடிச்ச அதே பட்டினியிலதான், அக்கா, எண்ணெயும் ஊறுது.”